துணி ஒருவனிடம், கம்பு ஒருவனிடம்

நெத்தி பிரிட்ஜ், ஸ்காட்லாந்து
12 அக்டோபர் 1961

அன்புத் தம்பி டூகலுக்கு,

அக்கா எழுதுவது. என் இடது முழங்காலைத் தவிர உடம்பில் மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீயும் மேவிஸும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் இருமல் அந்த ஊர் வெயிலில் விட்டிருக்க வேண்டுமே.

போன வாரம் மழையில் கூரை ஒழுகியது. பரணில் ஏறிப் பார்த்தால், ஒழுகுகிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி என் லாக்லனின் முதுகுப்பை. போலீஸ்காரர் கொண்டுவந்து கொடுத்த அன்று மேலே தூக்கிப் போட்டது. எட்டு வருஷமாக நான் அதைத் தொடவில்லை. இப்போது அடுப்படிக்கு எடுத்து வந்துவிட்டேன். இன்னும் பிரிக்கவில்லை. சமைக்கும்போது அது என்னைப் பார்க்கிறது, நான் அதைப் பார்க்கிறேன்.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கத்தாதே, கேள். இந்தப் பனிக்காலம் முடிவதற்குள் மலைமேல் மான்குழியில், அவர் செத்த இடத்தில், பனிமேல் கூடாரம் அடித்து ஒரு ராத்திரி தனியாகத் தூங்கப் போகிறேன். கல்லறையில் பூ வைத்து அலுத்துவிட்டது. அவர் அங்கே இல்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கடைசி ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மலைக்காவலர் ஃபார்கரிடம் சொன்னேன். "ஓட்டல்ல சட்டி கழுவற கை, மலையில கூடாரம் அடிக்கப் போகுதாக்கும்!" என்று சிரித்தார். "நீங்க தின்ன சட்டியையும் சேத்துத்தான் கழுவினேன்" என்று சொன்னேன்.

லாக்லனோடு அத்தனை மலை ஏறியவன் நீ ஒருவன்தான். பனியில் எப்படிப் படுப்பது, எப்படிச் சமைப்பது எல்லாம் விவரமாக எழுது. எனக்கு இந்த உலகத்தில் வேறு யாரைக் கேட்கத் தெரியும்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா இஷ்பெல்

*

கோர், நியூஸிலாந்து
30 அக்டோபர் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விட்டுப்போன இருமல் அதைப் படித்ததும் திரும்ப வந்துவிட்டது. மேவிஸும் பிள்ளைகளும் நலம். ஆடுகள் எங்களைவிட நலம்.

அக்கா, உனக்கு என்ன பைத்தியமா? ஐம்பதைத் தொடப்போகிற வயதில் பனிக்காலத்தில் தனியாக மலைக்குப் போவார்களா? போயே தீருவேன் என்றால் வேறு எங்காவது போ. ஆற்றோரமாகப் படு. மான்குழி மட்டும் வேண்டாம். அங்கே ஒன்றும் இல்லை. அந்த ராத்திரியைப் பற்றி அன்றைக்குச் சொன்னதுதான், இன்றைக்கும் சொல்வதற்கு வேறு இல்லை. கூடாரத்தை விரித்தோம், காற்று துணியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. அதைப் பிடிக்க ஓடியதில் அத்தானுக்குக் கால் ஒடிந்தது. பாறை மறைவில் படுக்கைப் பைக்குள் அவரை உட்கார வைத்துவிட்டு ஆள் கூப்பிட இறங்கினேன். விடிந்து நான் ஃபார்கர் வீடு சேர்ந்தேன். புயல் ஓயவே இன்னொரு நாள் ஆனது. காற்று செய்ததை யார் தடுக்க முடியும்?

நீ பிடிவாதக்காரி என்பதால் இதையும் எழுதுகிறேன். பனியில் கூடார முளை நிற்காது. சின்னச் சாக்குகளில் பனியை அடைத்து, கயிற்றை அதில் கட்டிப் புதைத்து நன்றாக மிதி. பூட்ஸைப் படுக்கைப் பைக்குள் வைத்துக்கொள், இல்லாவிட்டால் காலையில் கல்லாக இருக்கும். தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்து வை, அப்போதுதான் வாய் உறையாது. எல்லாவற்றையும்விட முக்கியம், கூடாரத் துணியும் கம்பும் ஒரே பையில் இருக்கட்டும். துணியை மட்டும் இன்னொருவர் பையில் போகவிடாதே. உயிரே போனாலும் விடாதே.

கவலையுடன்
தம்பி டூகல்

*

நெத்தி பிரிட்ஜ்
21 நவம்பர் 1961

அன்புத் தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் எல்லோர் சுகத்துக்கும் எழுது. மேவிஸுக்கு முதுகுவலி என்று போன வருஷம் எழுதியிருந்தாயே, தேவலையா?

ராணுவக் கடையில் பழைய கூடாரம் ஒன்று வாங்கினேன். போன சனிக்கிழமை பைன் காட்டுக்கு மேலே முதல் பனியில் போய் அடித்தேன். அடித்தேன் என்று சொல்வது பெரிய வார்த்தை. மூன்று தடவை அது என் தலைமேல் விழுந்தது. வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன், பாதிரியார் கேட்டிருந்தால் ஊரைவிட்டே தள்ளிவைத்திருப்பார். கஞ்சி தீய்ந்தது. பூட்ஸை உள்ளே வைக்க மறந்து, காலையில் அவற்றை ஸ்டவ்மேல் காட்டித் தட்டித் தட்டிப் போட்டுக்கொண்டேன். ஆனாலும் தூங்கினேன் டூகல். வெளியே பனி பெய்கிற சத்தம்கூடக் கேட்டது. லாக்லன் இதற்காகத்தான் சனிக்கிழமையானால் என்னை விட்டுவிட்டு ஓடினாரா என்று முதல்தடவையாகப் புரிந்தது. கொஞ்சம் கோபம்கூட வந்தது, என்னை ஒருநாள் கூட்டிப்போனால் என்ன குறைந்திருக்கும்?

உன் யோசனைகள் எல்லாம் உதவின. ஒன்று மட்டும் புரியவில்லை. நான் தனியாகப் போகிறவள். துணியை யார் பையில் போகவிடுவேன், மான் பையிலா?

வீட்டுக்கு வந்ததும், வந்த தைரியத்தில், அவருடைய பையைப் பிரித்துவிட்டேன். கம்பளிச் சட்டை, ஸ்டவ், ஓட்ஸ் ரொட்டித் தூள், கடைசியில் கூடாரக் கம்புகள். எல்லாக் கம்புகளும் இருந்தன. வரிசையாக அடுக்கி, நம் வீட்டுத் தோட்டக் கயிற்றால் கட்டியிருந்தது. நீங்கள் கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ராத்திரி என் அடுப்படியில் அவர் கட்டிய அதே முடிச்சு. உனக்கு நினைவிருக்கும், நீங்கள் இரண்டு பேரும் கசாப்புக் கடைத் தராசைக் கதவில் மாட்டி, சொத்துப் பங்கிடுகிற மாதிரி சண்டை போட்டுச் சுமையைப் பாதிப் பாதியாகப் பிரிப்பீர்கள். துணி ஒருவனிடம், கம்பு ஒருவனிடம்.

கூடாரத்தை விரித்தீர்கள் என்றால் கம்பு எப்படிக் கட்டியபடி பையில் இருக்கிறது? எனக்குத் தெரியாமல்தான் கேட்கிறேன். நேற்றுவரை எனக்குக் கூடாரத்தின் தலை எது கால் எது என்றே தெரியாது.

அன்புடன்
அக்கா

*

கோர்
11 டிசம்பர் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மேவிஸின் முதுகு தேவலை. ரோமம் கத்தரிக்கிற காலம் தொடங்கிவிட்டது, குனிந்தவன் நிமிர நேரமில்லை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே.

கம்பு காற்றில் போய்விடக் கூடாதே என்று அத்தான் பொறுக்கிக் கட்டி வைத்திருப்பார். அவர் எவ்வளவு ஒழுங்கானவர் என்று உனக்குத் தெரியாதா? கால் ஒடிந்தாலும் அவர் அப்படித்தான். இதையெல்லாம் கிளறி உனக்கு என்ன கிடைக்கப் போகிறது? அந்தப் பையை எரித்துவிடு. கிறிஸ்துமஸுக்கு ஓட்டலில் கூட்டம் இருக்கும், வேலையைப் பார், நன்றாகச் சாப்பிடு.

எல்லோருடைய வாழ்த்துகளுடனும்
டூகல்

*

நெத்தி பிரிட்ஜ்
3 ஜனவரி 1962

அன்புத் தம்பிக்கு,

புது வருஷம் உங்கள் எல்லோருக்கும் நல்லதாக விடியட்டும். உன் இருமல், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் எப்படி? எனக்குக் கைவிரல் நுனிகள் வெடித்திருக்கின்றன, பேனா பிடித்தால் எரிகிறது. மற்றபடி சுகம்.

வெடித்தது எப்படி என்று கேட்பாய். கிறிஸ்துமஸ் முடிந்ததும் லீவு போட்டு, மான்குழிக்குப் பாதி தூரம்வரை போய் ஒரு ராத்திரி இருந்தேன். காற்று என்றால் காற்று. கூடாரத்தைப் பிரித்துக் கட்டுவதற்குள் விரல் மரத்து, பூட்ஸ் கயிற்றைக்கூட முடிய முடியவில்லை, பல்லால் இழுத்தேன். நீ சொன்ன ஒழுங்கை நினைத்துக்கொண்டேன். கால் ஒடிந்து, புயலில், இருட்டில், மரத்த விரலால், கம்புகளைப் பொறுக்கி அடுக்கி இரட்டை முடிச்சு! லாக்லன் ஒழுங்கானவர்தான், மந்திரவாதி இல்லை.

வருஷம் பிறந்ததும் வாசல்படி மிதிக்கிற முதல் ஆளாக ஃபார்கர் வந்தார், கையில் நிலக்கரியும் விஸ்கியும். கறுப்புத் தலைமுடிக்காரன் மிதித்தால்தான் அதிர்ஷ்டம், அவருக்கோ பஞ்சாக நரைத்துவிட்டது. "நரைக்கு முன்னாடி கறுப்புதானம்மா, கணக்குல சேத்துக்க" என்றார். இரண்டாவது கிளாஸில் நான் அந்தப் பேச்சை எடுத்தேன்.

"அந்தத் துணியா? அதான் எனக்கும் புரியல" என்றார். "மான்குழியில ஒரு கைக்குட்டை விழுந்தாலும் பனி உருகினா எங்க கண்ணுல படும். அந்த வருஷம் ஏரி வரைக்கும் அலசிப் பாத்தோம், ஒரு கந்தல் கிடைக்கல. அதென்ன, காத்து தின்னுடுச்சா?"

பிறகு உன்னைப் பற்றிச் சொன்னார். "உன் தம்பி வாசல்ல வந்து விழுந்தான் பாரு, பையை நான்தான் தோள்ல இருந்து கழட்டினேன். அப்பா, என்ன கனம்! இதையும் சுமந்துக்கிட்டு ராத்திரி பூரா இறங்கியிருக்கானே, புள்ளை இல்ல சிங்கம்னு ஊரெல்லாம் சொன்னேன்."

அவர் வெள்ளந்தியாகச் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே இன்னொரு கிளாஸ் ஊற்றினேன். அவர் போனபிறகு உட்கார முடியாமல் விடியும்வரை அடுப்படியில் நடந்தேன்.

தாளில் இடம் முடிந்துவிட்டது, ஒரு கேள்வியை வெளிமடிப்பில் எழுதுகிறேன்.

அக்கா

(வெளிமடிப்பில்) கூடாரத் துணி எங்கே, டூகல்?

*

கோர்
19 ஜனவரி 1962

அன்புள்ள அண்ணிக்கு,

மேவிஸ் எழுதும் அன்பான வணக்கம். நாங்கள் சுகமே, உங்கள் முழங்கால் குணமாக வேண்டுமென்று பிள்ளைகள் இரவில் ஜெபத்தில் சேர்த்துச் சொல்கிறார்கள். உங்களைப் பார்க்காமலே உங்கள்மேல் அத்தனை பிரியம் அவர்களுக்கு.

அவர் ரோமம் கத்தரிக்கிற கூட்டத்தோடு மலைப்பக்கம் போயிருக்கிறார், மாசக் கடைசியில்தான் வருவார். உங்கள் கடிதம் மேஜைமேல் இருக்கிறது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை, ஆனால் மடிப்பின் மேலேயே எழுதியிருந்ததால் கண்ணில் பட்டுவிட்டது. துணி எங்கேயும் போகவில்லை அண்ணி, இங்கேதான் பத்திரமாக இருக்கிறது! கம்பளிக் கொட்டகை உத்திரத்தில் கட்டித் தொங்குகிறது. ஒவ்வொரு கோடையிலும் அவரே இறக்கி, வேலிமேல் போட்டு வெயில் காட்டி, மடித்து வைப்பார். ஒருநாள்கூட அதை அடித்து உள்ளே படுத்ததில்லை. பிள்ளைகள் தொட்டால் அப்படிக் கத்துவார்! "அப்பாவோட சட்டையைக்கூட தொடலாம், இதைத் தொடக்கூடாதாம்மா?" என்று பெரியவள் கேட்பாள். ஊர் நினைப்பு என்று நான் விட்டுவிடுவேன்.

நீங்கள் பழைய கூடாரத்தோடு மலையில் கஷ்டப்படுகிறீர்கள் என்று அவர் சொன்னார். இங்கே சும்மா தொங்குவதற்கு அது உங்களுக்கு உதவட்டுமே என்று நேற்றே கப்பல் தபாலில் போட்டுவிட்டேன். மார்ச்சுக்குள் வந்து சேரும் என்கிறார்கள். அவர் வந்ததும் சொல்லி ஆச்சரியப்படுத்தப் போகிறேன். கோபித்தாலும் அக்காவுக்குத்தானே!

உங்கள் அன்பு
மேவிஸ்

*

கோர்
31 ஜனவரி 1962

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

மேவிஸ் ஏதோ பொட்டலம் அனுப்பியதாகச் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அது இங்கே டனீடின் நகர ராணுவக் கடையில் நான் வாங்கிய வேறு கூடாரம். எலி கடித்துப் பூஞ்சைக்காளான் பிடித்தது. காற்றுக்குத் தாங்காது, அதை நம்பி மலைக்குப் போனால் ஆபத்து. வந்தால் பிரிக்க வேண்டாம், அப்படியே எரித்துவிடு. ஃபார்கரிடம் காட்டாதே, கிழவருக்கு வாய் நீளம்.

தயவுசெய்து நான் சொல்வதைக் கேள்.

டூகல்

*

நெத்தி பிரிட்ஜ்
12 பிப்ரவரி 1962

தம்பி டூகலுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் எழுது. மேவிஸைத் திட்டாதே, அவள்போல் ஒருத்தி உனக்குக் கிடைத்தது உன் யோக்கியதைக்கு அதிகம்.

பொட்டலம் இன்னும் வரவில்லை. கப்பல் மெதுவாகத்தான் வரும். உன் கடிதம் பறந்து வந்துவிட்டது.

டூகல், அம்மா செத்தபோது உனக்கு வயது ஐந்து. உனக்குத் தலை வாரியது, சளி சிந்தியது, ஸ்கூலில் அடி வாங்கி வந்தால் போய்ச் சண்டை பிடித்தது எல்லாம் நான்தான். நீ பொய் சொன்னால் உன் காது சிவக்கும். இத்தனை தூரத்திலிருந்தும் எனக்கு அது தெரிகிறது. அவரைப் புதைத்த அன்று சவப்பெட்டியைக் குழியில் இறக்குகிற கயிற்றை என் பக்கத்தில் நின்று பிடித்தவன் நீ. அன்று உன் காதைப் பார்க்க எனக்குக் கண்ணில்லை.

நான் உன்னைப் போலீசில் கொடுக்கப் போவதில்லை. ஊரில் சொல்லப் போவதில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். பொட்டலம் சொல்வதற்கு முன்னால் நீ சொல்ல வேண்டும். எனக்கென்று மிச்சம் இருக்கிற ஒரே சொந்தம் நீ. உன்னையும் இழக்க எனக்கு மனசு வரவில்லை. கப்பல் வரும்வரை உனக்கு நேரம் இருக்கிறது. உன் கையால் எழுது. என்ன எழுதினாலும் படித்து அழுதுவிட்டு, மறுபடி உனக்கு அக்காவாகவே பதில் போடுவேன். இது சத்தியம்.

காத்திருக்கும்
அக்கா

*

கோர்
27 பிப்ரவரி 1962

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் அனைவரும் நலம். இந்த வருஷம் கோடை நீண்டுவிட்டது, புல் காய்ந்து ஆடுகளுக்குத் தீவனம் போடவேண்டியிருக்கிறது. பெரியவள் பாட்டுப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். வேலியை மாற்றிக் கட்டினோம். புது நாய் ஒன்று வாங்கியிருக்கிறேன், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

அக்கா, நீ இங்கேயே வந்துவிடேன். கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு அறை காலியாக இருக்கிறது. எங்கள் பக்கம் பனி விழுவதே அபூர்வம். முழங்காலுக்கு நல்லது. மேவிஸ் உன்னைத் தலையில் வைத்துக் கொண்டாடுவாள். மலைக்கெல்லாம் இனிமேல் போகாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

என்றும் உன்
தம்பி டூகல்

*

நெத்தி பிரிட்ஜ்
2 ஏப்ரல் 1962

டூகல்,

உன் உடம்பைப் பற்றி இந்தத் தடவை நான் கேட்கவில்லை.

பொட்டலம் மார்ச் இருபதாம் தேதி வந்தது. எலி கடிக்கவில்லை. பூஞ்சை இல்லை. ஒரு கிழிசல் இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் லாக்லனின் புகையிலைப் பைப்பிலிருந்து பொறி விழுந்த ஓட்டை, அதன்மேல் என் பச்சைப் பாவாடைத் துண்டு, பச்சை நூல் இல்லாமல் சிவப்பு நூலில் நான் போட்ட தையல். "கூடாரத்துக்கு மெடல் குத்திட்டியா இஷ்பெல்?" என்று அவர் கேலி செய்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. டனீடின் ராணுவக் கடையில் என் பாவாடையை எப்போது விற்கத் தொடங்கினார்கள்?

நீ வேண்டுமென்று எடுத்துக்கொண்டு போகவில்லை. அது எனக்குத் தெரியும். கூடாரத்தை விரிப்பதற்கு முன்பே அவர் விழுந்திருப்பார். பயத்தில் உன் பையை அப்படியே மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாய். வழியில் எங்கேயோ தோள் கனத்திருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று நினைவு வந்திருக்கும். அங்கே நின்று மேலே பார்த்தாயா, கீழே பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது. புயலில் திரும்பி ஏறப் பயந்தாய் என்றால், சரி, பயம் யாருக்கும் வரும். அதை நீ அன்றைக்கே என் அடுப்படியில் வந்து சொல்லியிருந்தால், உன்னைச் செருப்பால் அடித்துவிட்டுச் சோறும் போட்டிருப்பேன். நீ சொல்லவில்லை. ஊரார் சிங்கம் என்றார்கள், கேட்டுக்கொண்டாய். கிளாஸ் நீட்டினார்கள், வாங்கிக் குடித்தாய். இந்தப் பிப்ரவரியில் மறுபடி கேட்டேன், நாய் வாங்கியதைப் பற்றி எழுதினாய். எட்டு வருஷம் நான் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன் டூகல். ஜன்னல் அடித்துக்கொண்டால்கூட எழுந்து போய்த் திட்டுவேன். காற்றுக்கு ஒரு பாவமும் தெரியாது.

மேவிஸுக்கு நன்றி எழுதிப் போட்டுவிட்டேன். துணி நன்றாக உழைக்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அவளும் பிள்ளைகளும் எனக்கு எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். உன் அறை எனக்கு வேண்டாம்.

போன வாரம் மான்குழிக்குப் போனேன். அந்தத் துணியையும் அந்தக் கம்புகளையும் ஒரே பையில் நானே சுமந்தேன். போகிற வழியையும் திரும்புகிற நாளையும் ஃபார்கரிடம் சொல்லிவிட்டுப் போனேன். இனிமேல் நான் எங்கே போகிறேன் என்று உனக்குத் தெரியவேண்டியதில்லை. லாக்லன் உட்கார்ந்திருந்த பாறையைக் கண்டுபிடித்து, அதை ஒட்டிக் கூடாரத்தை அடித்தேன். தோட்டக் கயிற்று முடிச்சை அவிழ்க்கத்தான் நேரம் பிடித்தது. நீ சொன்ன மாதிரியே சாக்கில் பனி அடைத்துப் புதைத்தேன், அந்த வித்தையை நீ நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தாய்.

இருட்டியதும் புயல் பிடித்தது. ராத்திரி முழுக்க அடித்தது. முழங்கால் உயரத்துக்குப் பனி வந்து மோதியது. துணி தாங்கியது. உள்ளே மெழுகுவர்த்திச் சுடர்கூட அசையவில்லை. கஞ்சி வைத்துக் குடித்தேன். சற்று நேரம் பொறுத்துக் கையுறையைக் கழற்றினேன், பிறகு தொப்பியை, பிறகு கோட்டையும்.

உள்ளே கதகதப்பாக இருந்தது, டூகல். இன்னும் ஒருவர் படுக்க இடமும் இருந்தது.

இஷ்பெல்